எழுதாமல் ஆறிய அக்கி

கண்ணு,

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதுவும் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அந்தக் கையெழுத்தும் பாடியில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேஸ்திரி எழுதிக் கொடுத்ததைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் பழகியது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். போனில் என்றால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் அதற்குப் பதில் சொல்லப் போய் அப்படியே வேறு பக்கம் நழுவிவிடுவேன். எனக்கு நழுவத் தெரியும். எழுதுகிற காகிதத்தில் அது நடக்காது. உன் அம்மா ஒவ்வொரு வரியின் அடியிலும் ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்து மெதுவாகத்தான் எழுதுகிறாள். அந்த வேகம் எனக்கும் சரியாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். போகிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதென்று ஒரு பட்டியல் எல்லா வீட்டிலும் இருக்கும். குளிருக்குக் காது மூடு, வேளைக்குச் சாப்பிடு, பாஸ்போர்ட்டைப் பையின் உள்பக்கத்தில் வை. அதையெல்லாம் அம்மா உனக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்ல நினைப்பது பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் காட்டிய இரண்டு படங்களைப் பற்றி. அதைச் சொல்ல வேண்டுமானால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். உன்கூட வேலை செய்கிறவர்கள் யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. எனக்கு ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

நான் என்ன வேலை செய்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் ஆட்கள் மண்பாண்டம் செய்கிறவர்கள். என் அப்பாவோடு சக்கரம் நின்றுபோயிற்று. நான் பாடியில் வார்ப்படக் கம்பெனிக்குப் போய்விட்டேன். முப்பத்திரண்டு வருஷம் மணலில் அச்சுப் பிடித்தேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, சம்பளம் ஒன்றாந்தேதி வந்தது. ஆனால் குயவர் வீடு என்றால் ஊரார் தேடி வருகிற காரியம் ஒன்று உண்டு, அது என்னை விடவில்லை. உடம்பில் நெருப்புப் பட்டதுபோல ஒரு பக்கமாகக் கொப்புளம் கொப்புளமாக வருகிற அக்கிக்கு, குயவன் கையால் காவியைக் குழைத்து அந்த இடத்தைச் சுற்றிச் சிங்கத்தைப் படமாக எழுத வேண்டும். காலையில் சூரியன் கிளம்புகிற நேரத்தில், மூன்று நாள் தொடர்ந்து. வெற்றிலை பாக்குத் தவிர எதுவும் வாங்கக் கூடாது. மேனாம்பேட்டில் நம் வாசலில் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் யாராவது சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். கொரட்டூரிலிருந்து வருவார்கள், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருவார்கள், புதிதாகக் கட்டிய ஃபிளாட்டிலிருந்து லேப்டாப் பையோடு வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். எனக்குப் பேர் ஏறிக்கொண்டே போனது. கம்பெனியில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சிங்கத்தண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியும் மரியாதையும் பாதிப்பாதி. இரண்டையும் நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

நீ பத்தாவது படிக்கிறபோதுதான் அம்மாவுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. வலது புருவத்துக்கு மேலே எரிகிறது என்றாள். சாயங்காலத்துக்குள் நெற்றியில் நாலு கொப்புளம். அப்போது அவள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். காலர் பிரிவென்றால் கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும், அவளைப் போலத் தைக்கிறவர்கள் அந்த வரிசையில் இரண்டு பேர்தான். மறுநாள் காலை நான் எழுதினேன், அவள் வேலைக்குப் போனாள். அங்கே இருந்த நர்ஸம்மா பார்த்துவிட்டு, மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருப்பதைத் தொட்டுக் காட்டி, இது கண்ணுக்குப் போகிற நரம்பு, இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். சேலை மாற்றிக்கொண்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஷிப்ட் முடிந்து வருவதற்காகக் காத்திருந்தாள். போகத் தயாராக இருந்தாள். அதை நான் சொல்லியாக வேண்டும். அவள் போகத் தயாராகத்தான் இருந்தாள்.

நான் வேண்டாம் என்றேன். எழுத ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தினால் அக்கி திரும்பிக்கொள்ளும் என்றேன். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை, நர்ஸம்மா அழுத்திச் சொன்னாள் என்றாள். அப்போது நான் ஒரு பேரைச் சொன்னேன். அந்தப் பேரைச் சொன்னதும் அவள் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அந்தப் பேர் என்ன என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது சிங்கம் எழுதினேன். சனிக்கிழமை கண் வீங்கி மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவள் முகத்தில் காவியைப் பார்த்ததும் டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஈரப் பஞ்சால் அவரே பொறுமையாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். இதற்கு மாத்திரை இருக்கிறது, முதல் மூன்று நாளில் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும், இப்போது கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். முதல் மூன்று நாள் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்த விதம் எனக்கு மட்டும்தான் தெரியும். நீ என் பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு நின்றிருந்தாய். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. காலர் பிரிவில் மூன்று மாதம் போராடிப் பார்த்துவிட்டு அவள் நின்றுவிட்டாள். ஊசி முனை எங்கே இருக்கிறதென்று ஒரு கண்ணுக்குப் பிடிபடாது. டீ ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றிவிடுவாள். அப்புறம் பாத்திரத்தின் விளிம்பை டம்ளர் விளிம்பில் முட்ட வைத்து ஊற்றப் பழகிக்கொண்டாள். இன்றைக்கும் அந்த டிங் என்கிற சத்தம் கேட்டபிறகுதான் டீ விழும்.

நீ அப்புறம் எடுத்த படிப்பு எதனால் எடுத்தது என்று நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஒருநாள் வந்து, சின்ன வயதில் அம்மை போட்டவர்கள் உடம்பில் அதே கிருமி நரம்புக்குள் பதுங்கியிருந்து, பல வருஷம் கழித்து அக்கியாக எழுந்து வருகிறது என்று விளக்கினாய். வாசலில் அப்போதும் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா கண் போன பிறகு முகத்துக்கு எழுதுவதை விட்டேனே தவிர, முதுகுக்கும் இடுப்புக்கும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அவர் போனபிறகு நீ ஒரு கேள்வி கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை.

“எழுதிக்கினவங்க எல்லாருக்கும் ஆறிடுச்சு, சரி. எழுதிக்காதவங்க எத்தினி பேரைப் பார்த்துகீறே நைனா?”

ஒருத்தரையும் பார்த்ததில்லை என்றேன். அப்படியானால் உனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டு நீ கை கழுவப் போய்விட்டாய். அந்த வாரத்தோடு எழுதுவதை விட்டேன். கை நடுங்குகிறது என்று வந்தவர்களிடம் சொன்னேன். கை நடுங்கவில்லை. இப்போது யாராவது வந்தால் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். போன வருஷம் ஃபிளாட்டில் இருக்கிற ஒரு பையன் நெற்றியில் அக்கியோடு வந்தான், திருநெல்வேலிப் பக்கம், அவன் அம்மா போனில் குயவர் வீட்டைத் தேடச் சொன்னாளாம். செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் நானே கூட்டிப் போனேன். அவன் கண் நன்றாக இருக்கிறது. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உன் வேலை எனக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். நீ வளர்க்கிற கிருமி அக்கிக் கிருமிக்குப் பங்காளி, உதட்டில் கொப்புளம் கொண்டுவருவது. அது ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் தன்னுடைய நூலை அந்தச் செல்லின் நடு அறைக்கு அனுப்புகிறது. டிஎன்ஏ என்கிற அந்த நூலில்தான் கிருமியின் சூட்சுமம் எல்லாம். நூல் சும்மா கிடந்தால் காரியம் நடக்காது. அதைப் பிரிக்க, படியெடுக்க, சுருட்டி வைக்க என்று புரதங்கள் அதன்மேல் போய் உட்கார வேண்டும். எந்தெந்தப் புரதம் உட்காருகிறது, அதில் கிருமி கொண்டுவந்தது எது என்று கண்டுபிடித்தால், அதன் கையைத் தட்டிவிட ஒரு மருந்து செய்யலாம். நோய் பிடித்த செல்களை உடைத்து, அந்தச் சாற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றுகிறாய். குழாய்க்குள் இருக்கிற குருணைகள்மேல் டிஎன்ஏ நூலை ஒட்டிவைத்திருக்கிறாய். நூலைப் பிடிக்கத் தெரியாத புரதமெல்லாம் கீழே ஒழுகிவிடும். பிடிக்கத் தெரிந்தது தங்கிவிடும்.

இதை நீ சொன்னபோது நான் எங்கள் காந்த உருளையைச் சொன்னேன். வார்ப்பு எடுத்தபிறகு உடைந்த அச்சு மணலைத் திரும்ப உபயோகிக்க, அதை உருளைமேல் ஓடவிடுவோம். மணல் கொட்டிவிடும், இரும்புப் பிசிறு ஒட்டிக்கொள்ளும். நீ சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்றாய். ஆனால் ஒட்டியதெல்லாம் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை, உப்பை ஏற்றி ஏற்றி ஊற்றினால் லேசாகப் பிடித்தது முதலில் விடும், இறுக்கிப் பிடித்தது கடைசியில் விடும் என்றாய். அப்படி விட்டதை ஜெல்லி மாதிரி ஒன்றில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அளவு வாரியாகக் கோடு கோடாக நிற்குமாம். பக்கத்திலேயே நோய் பிடிக்காத நல்ல செல்லையும் அதேபோல உடைத்து, அதேபோல ஊற்றி, அதேபோல ஓட்ட வேண்டுமாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது கிருமியுடையது, எது நம்முடையது என்று சொல்ல முடியும். நல்ல செல்லுக்கு எதற்கு அவ்வளவு பாடு என்று அம்மா கேட்டாள். அது இல்லாமல் பார்த்தால் பார்த்ததே இல்லை என்று நீ சொன்னாய். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த இரண்டு படம். முதல் படத்தில் நோய் பிடித்த பக்கத்தில் ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. நல்ல பக்கத்தில் அந்த இடம் காலி. இதுவரை யாரும் சொல்லாத புரதம், இதை வைத்துத்தான் ஜெர்மனியில் கூப்பிட்டார்கள் என்றாய். அம்மா உன் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டாள். அடுத்த படம் அதே ஜெல்லி, வெளிச்சம் அதிக நேரம் பட விட்டு எடுத்தது. அதில் நல்ல பக்கத்திலும் அதே உயரத்தில், மூச்சு விட்டால் அழிந்துவிடும்போல ஒரு கோடு இருந்தது.

அது அப்போது யாருடையது என்று அம்மா கேட்டாள்.

“கிருமியோடதுன்னு நெனச்சேம்மா. நம்ம செல்லோடதாவும் இருக்கலாம். நோய் வந்தா ஜாஸ்தியா ஊறுதோ இன்னாவோ. தெரிஞ்சிக்கணும்னா இன்னும் ஆறு மாசம் ஆவும். அதுவரைக்கும் அந்த ஊர்க்காரன் எடத்தைப் புடிச்சி வெச்சிக்கினு இருப்பானா?”

ஆராய்ச்சியில் உனக்கு வழிகாட்டுகிற உன் சாருக்கு இது தெரியுமா என்று நான் கேட்டேன். முதல் படத்தைத்தான் காட்டினாய் என்றாய். பிறகு லேப்டாப் மூடியைச் சாத்திக்கொண்டே சொன்னாய். “முதல் படமும் பொய் இல்லியே நைனா. அதுல அந்தக் கோடு தெரியல, அவ்ளோதான்.” அம்மா தயிர் போடட்டுமா என்று கேட்டாள். பேச்சு அதோடு நின்றது. நீ பெங்களூருக்குத் திரும்பிப் போய்விட்டாய்.

இப்போது அந்தப் பேரைச் சொல்கிறேன். தாமோதரன். அம்மாவுக்குத் தெரியும், நீயும் பார்த்திருப்பாய், கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்த ஆள், எங்கள் கம்பெனியில் உலைப் பக்கம் வேலை. அம்மாவுக்கு அக்கி வருவதற்கு முந்தின வருஷம் அவனுக்கு இடுப்பைச் சுற்றி வந்தது. சட்டை உரசினால்கூடத் துடிப்பான். ஞாயிற்றுக்கிழமை வா, எழுதிவிடுகிறேன் என்றேன். வருகிறேன் என்றான், வரவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்குச் செய்யாறு பக்கம் ஊருக்குப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவன் இடுப்பில் பட்டை பட்டையாகத் தழும்பு மட்டும் இருந்தது, கொப்புளம் ஒன்றில்லை. ஊரில் யார் எழுதினார்கள் என்று கேட்டேன்.

“யாரும் எழுதலண்ணாத்தே. கல்யாண வேலையில மறந்தே போயிட்டேன். அது பாட்டுக்குக் காஞ்சி உதிர்ந்துடுச்சு” என்றான்.

மருந்து, பச்சிலை, மந்திரம், எதுவும் இல்லையா என்று துருவித் துருவிக் கேட்டேன். எதுவும் இல்லை. பதினைந்து நாள். நான் எழுதினவர்களுக்கு ஆன அதே பதினைந்து நாள். அன்று மத்தியானம் கேன்டீனில் இன்னொருவன், தாமோதரனுக்குச் சரியாகிவிட்டதே, சிங்கத்தண்ணே கைவைத்தாரா என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். மூன்றே சிங்கம் என்றேன். தாமோதரன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், சோற்றைப் பிசைந்துகொண்டு கீழே குனிந்துகொண்டான். என்னைவிட வயதில் சின்னவன், நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை. அந்தக் கதையை அதற்கப்புறம் நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. நம் வீட்டிலும் சொன்னேன். இடுப்பே எரிந்துபோன ஆள், மூன்று நாளில் எழுந்து நடந்தான் என்று. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் உன் அம்மா சீட்டோடு நின்றபோது நான் சொன்னது இதைத்தான். தாமோதரனுக்கு எழுதினேனே, அவன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று கேட்டேன். அவள் சீட்டை அலமாரியில் வைத்தாள்.

இந்த இடத்தில் உன் அம்மா பேனாவை வைத்துவிட்டாள். இதற்கு மேலே இருக்கிறதைச் சொல்லி இரண்டு நாள் ஆகிறது. நடுவில் என்ன நடந்தது என்றால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சமைத்தாள், பக்கத்து வீட்டம்மாவோடு தண்ணீர் லாரி வந்ததைப் பற்றிப் பேசினாள், எனக்கு டீ போட்டாள். டம்ளரில் பாத்திரம் முட்டுகிற சத்தம் இரண்டு நாளும் நாலு தடவை கேட்டது. என்னோடு பேசவில்லை. காகிதம் டிவிக்குப் பக்கத்தில் ஸ்கேலுக்கு அடியில் அப்படியே இருந்தது. வேறு யாரையாவது வைத்து எழுதி முடிக்கலாமா என்று ஒருமுறை தோன்றியது. அதைச் செய்யவில்லை. இன்று காலை துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்தாள்.

“எழுதாமலே ஆறும்னு உனக்கு அன்னிக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியும் என்றேன்.

“நான் இதை எழுதணும், சத்தமா சொல்லு.”

தெரியும். அக்கி தானாக ஆறுகிற சமாச்சாரம் என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குப் போனால் பார்வையே போகும் என்று தெரியாது. என் காவியால் ஆனது ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் அவளை அந்தக் காவியைக் காட்டி மூன்று நாள் உட்கார வைத்தேன். ஏன் என்று கேட்டால், அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், சிங்கத்தண்ணன் பெண்டாட்டியே டாக்டரிடம் போனாள் என்று கம்பெனியில் பேசுவார்களே என்றிருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் சொல்வதற்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நீ கல்லூரியிலிருந்து வந்து கேட்டபோது ஒருத்தரையும் பார்த்ததில்லை என்றேனே, அதுவும் பொய். ஒருத்தனைப் பார்த்திருந்தேன். எழுதிக்கொண்ட முந்நூறு பேர் எனக்குச் சொல்லாததை அவன் ஒருத்தன் சொல்லியிருந்தான். நான் அவன்மேலும் என் சிங்கத்தை எழுதி மறைத்துவிட்டேன்.

உன் இரண்டாவது படத்தில் இருந்த அந்த லேசான கோடு எனக்குத் தாமோதரன் இடுப்பாகத்தான் தெரிந்தது, கண்ணு. மேஜையிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதல் படம் பொய் இல்லை என்று நீ சொன்னதும் சரிதான். ஆறியவர்கள் கணக்கில் நான் கூட்டிச் சேர்த்துச் சொன்ன பொய் தாமோதரன் கதை ஒன்றுதான், மற்றபடி என்னிடம் எழுதிக்கொண்டு ஆறியவர்கள் எல்லாரும் நிஜமாகவே ஆறினவர்கள். நிஜத்தை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டே தப்பான இடத்துக்குப் போய்ச் சேரலாம். நான் போயிருக்கிறேன்.

ஆறு மாதம் போனால் ஜெர்மனிக்காரன் காத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. காத்திராமலும் போகலாம். அப்படிப் போனால் நீ அழுவாய், அம்மாவும் வருத்தப்படுவாள், இந்த வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றும் ஆகாது என்று சொன்னவன் பேச்சு எப்படி முடிந்தது என்று பார்த்தாயே. ஆனால் அந்தக் கோட்டை நம்பி நாளைக்கு எங்கேயோ ஒருத்தர் மருந்து செய்ய உட்காருவார். அது கிருமியின் கையா, நம் செல்லின் கையா என்று தெரியாமல் தட்டிவிட்டால், நோயாளியின் கையைத்தானே தட்டிவிடுவோம். நீ சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் சொல்கிறேன். உன் சாரிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அந்த ஊர்க்காரருக்கும் அனுப்பு. இது நம்முடைய செல்லே நோய் வந்ததும் எடுத்துக்கொடுக்கிற புரதம் என்றால் அதுவும் ஒரு சேதி என்று ஊருக்குக் கிளம்பும்போது நீயே முனகினாயே, அதையும் சேர்த்துச் சொல்.

தாமோதரன் இப்போது செய்யாறு பக்கம் ஊரிலேயே இருக்கிறானாம். அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். நாலு பேர் முன்னால் அவனைக் குனிய வைத்தேன், நாலு பேர் முன்னால் சொல்ல முடியாவிட்டாலும் அவனிடமாவது சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா, நானும் வருகிறேன் என்றாளா இல்லையா என்று நீ கேட்பாய். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கும் கீழே அம்மா ஏதோ எழுதப் போகிறேன் என்கிறாள். அவள் படித்துக் காட்டினால்தான் எனக்குத் தெரியும். காட்ட மாட்டேன் என்றுவிட்டாள்.

உன் நைனா

கோமதி, அம்மா எழுதுகிறேன். நைனா சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடவில்லை, ஒன்றும் சேர்க்கவும் இல்லை. தாமோதரன் விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். கோபம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, நீ போன் செய்து என்னைச் சமாதானப்படுத்தாதே. செய்யாறுக்குப் போகும்போது நானும் போவேன், அந்தத் தம்பி வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். நீ அந்த இரண்டாவது படத்தை இந்த வாரமே உன் சாரிடம் காட்டிவிடு. உன் நைனா மாதிரி பதினைந்து வருஷம் வைத்திருந்துவிட்டு, யாரைக் கெடுத்தாயோ அவர்கள் கையிலேயே பேனாவைக் கொடுத்து எழுத வைக்காதே. எழுதுகிற கைக்கு அது ரொம்பக் கஷ்டம்.